பதினாறு பூச்சியங்கள்

உடுவில்
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு, மரி, சூசை துணை. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? மடத்துப் படிகளில் இன்னமும் ஏறி இறங்குகிறீர்களா, அல்லது கீழே அறை தந்துவிட்டார்களா? இன்று மாதாவின் பிறந்தநாள். குருநகருக்குப் பூசைக்குப் போகலாம் என்று நினைத்தேன், போகவில்லை. வேலை.

போன் இல்லாத மடத்தில் ஓர் அக்கா இருப்பதால்தான் எனக்கு இன்னமும் பேனை பிடிக்கத் தெரிகிறது. ஆகவே விபரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புது வேலை ஒன்று வந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வயிற்றுப் புழு. சிரிக்காதீர்கள். வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சிக் குளிசை இன்னமும் வேலை செய்கிறதா, அல்லது புழுக்கள் அதற்குப் பழகிவிட்டனவா என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் மலத்தைப் பார்த்து முட்டைகளை எண்ணுவோம். பிறகு குளிசை. மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் எண்ணுவோம். பத்தில் ஒன்பது பங்காவது குறைந்திருந்தால் மருந்து நல்லது. இல்லாவிட்டால் மருந்தை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

மலத்தைச் சல்லடையில் தேய்த்து, ஒரு கடலையளவு கண்ணாடியில் வைத்து, கிளிசரினில் ஊறிய தாளால் மூடி அமர்த்துவோம். கிளிசரின் அழுக்கைத் தெளிய வைக்கும், முட்டைகள் தெரியும். தனுஷா என்கிற பிள்ளை சிலைட் இழுப்பாள், நான் நுணுக்குக்காட்டியில் பார்ப்பேன். ஒரே ஒரு கண்டிப்பு. கொளுக்கிப் புழுவின் முட்டைக்குத் தோல் மெல்லிசு. அரை மணிநேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பிந்தினால் கிளிசரின் அதையும் தெளிய வைத்துவிடும், இருந்த இடமே தெரியாது. குடலில் கொளுவிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது அந்தப் புழுதான்.

தாய்மார் படும் வெட்கத்தைச் சொல்லி முடியாது. டப்பாவை மூன்று சொப்பின் பைக்குள் சுற்றிக் கொடுக்கிறார்கள். ஒரு தாய் பிள்ளையின் பேர் எழுத வேண்டிய இடத்தில் 'பக்கத்து வீடு' என்று எழுதி அனுப்பியிருந்தா.

தெரிவான பள்ளிக்கூடங்களில் அண்ணையின் மகள் லவீனாவின் பள்ளிக்கூடமும் ஒன்று. ஐம்பத்தெட்டுப் பேரில் பதினாறு பேருக்குக் கொளுக்கிப் புழு. அவளும் அந்தப் பதினாறில் ஒருத்தி. கனிசியஸ் அண்ணைக்கும் மெற்றில்டா மச்சாளுக்கும் பள்ளிக்கூடத்தால் அறிவிப்பார்கள். நான் சொல்லப் போகவில்லை.

செபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
றஜனி


கண்டி
29.09.2024

அன்பின் றஜனி,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு. முழங்கால் முழங்காலாகத்தான் இருக்கிறது. கீழே அறை தரக் கேட்டார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். மேலே இருந்தால் மழை வருவது முதலில் தெரியும்.

'பக்கத்து வீடு' கதையை மதிய உரையாடல் நேரத்தில் வாசித்தேன். தாய்ச் சிஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

நீ ஐம்பத்தெட்டு என்கிறாய், பதினாறு என்கிறாய். வீடு எப்படி என்று ஒரு வரி எழுதவில்லை. உடுவிலில் இருந்து குருநகருக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம்? கடைசியாக எப்போது போனாய்? மெற்றில்டா மாதம் தவறாமல் எழுதுகிறாள். சந்தையில் மீன் விற்று வந்த கையோடு எழுதுவாள் போல, தாளில் மீன் வாசம் இருக்கும். எங்கள் அடைபட்ட மடத்துக்குள் கடல் அப்படித்தான் வருகிறது. அவளுடைய கடிதத்தில் நீ வருவதே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
சகோதரி அருமைநாயகி


உடுவில்
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் துணை. நான் சுகம், நீங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. வீட்டுக்காரப் பாலேஸ்வரி அம்மா தன் கத்தரிக் கன்றுகள் அழுகிவிடும் என்று வானத்தை ஏசிக்கொண்டிருக்கிறா.

நல்ல செய்தி ஒன்று. முதலாம் திகதி குளிசை கொடுத்தோம். இருபத்திரண்டாம் திகதி இரண்டாவது எண்ணிக்கை. குருநகர்ப் பிள்ளைகள் பதினாறு பேருக்கும் பூச்சியம்! ஒரு முட்டை இல்லை. மற்றப் பள்ளிக்கூடங்களில் அங்கும் இங்கும் கொஞ்சம் நிற்கிறது. எங்கள் டொக்டர் உதயகலா அறிக்கையைப் பார்த்துவிட்டு, கரையோரப் பிள்ளைகளுக்கு மருந்து அற்புதமாக வேலை செய்திருக்கிறது என்றா. மருந்தை மாற்றத் தேவையில்லை என்று மேலே போகிறது. லவீனாவும் துப்புரவு. சந்தோசம்தானே?

அன்று இடையில் கரண்ட் போய்க் கொஞ்சம் இடைஞ்சல். மற்றப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. வருகிற மாதம் கட்டாயம் போவேன். தனுஷாவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், அவளுடைய வேலையும் என் தலையில். இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது, நேரமில்லை.

தங்கை,
றஜனி


கண்டி
25.11.2024

அன்பின் றஜனி,

சமாதானம். உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை. உடனே பதில் எழுத இருந்தேன், பிறகு எழுதவில்லை.

பதினாறு பிள்ளைகளும் சுகமென்றால் ஆண்டவருக்குத் தோத்திரம். இருபத்திரண்டாம் திகதி மெற்றில்டா உன்னைத் தேடி வந்ததாக எழுதியிருந்தாள். லவீனாவுக்குக் காலையில் டப்பா கொடுக்க முடியாமற் போய், பதினொரு மணிக்குத் தானே கொண்டு வந்தாளாம். நீ அதை எழுதவில்லை. கரண்ட் போனதை எழுதியிருக்கிறாய். மறந்துபோனாயாக்கும்.

ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. நத்தார் வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை என்பது உனக்குத் தெரியும். பாலன் பிறப்பு வாழ்த்தை இப்போதே சொல்லி வைக்கிறேன். அண்ணன் வீட்டில் போய்ப் பலகாரம் சாப்பிடு.

அக்கா


உடுவில்
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்துகள். நான் சுகம். உங்களுக்குக் குளிர் எப்படி? நான் அனுப்பிய காலுறை அளவாக இருந்ததா?

மச்சாள் அன்று வந்தவதான். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, அதனால் எழுதவில்லை.

நத்தாருக்கு வீட்டுக்குப் போனேன். போனது நல்லதாயிற்று. பாலன் பிறப்பு நாடக ஒத்திகையில் லவீனா மயங்கி விழுந்தாளாம். சம்மனசு வேடம். இறக்கையோடு அப்படியே சரிந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தால் ஏழு தசம் ஆறு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினொன்றரைக்கு மேலே இருக்க வேண்டும். கண் மடலைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாள். அண்ணை ஒன்றும் பேசாமல் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பேசாவிட்டால் பயந்துபோயிருக்கிறார் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியுந்தானே.

ஆஸ்பத்திரி டொக்டர் முதலில் புழுவாக இருக்கும் என்றுதான் சந்தேகப்பட்டாராம். மச்சாள் பள்ளிக்கூடம் கொடுத்த துண்டைக் காட்டியிருக்கிறா. 'முட்டைகள் இல்லை.' அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு காணாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் முருங்கை இலையும் ஈரலும் கொடுக்கச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இந்த நாட்களில் எனக்கு நித்திரை சரியில்லை. செபியுங்கள்.

றஜனி


கண்டி
02.02.2025

அன்பின் றஜனி,

சமாதானம். காலுறை அளவுதான். பாதி நாள் நானும் பாதி நாள் சமையற்கட்டுச் சிஸ்டரும் போடுகிறோம்.

மெற்றில்டாவின் கடிதம் வந்தது. இந்த முறை இரண்டு பக்கந்தான், அவள் வழக்கமாக நான்கு எழுதுகிறவள். வகுப்பாசிரியை எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு, 'பிள்ளைக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுங்கோ' என்றாவாம். கடற்கரையில் அதைக் கேட்டவர்கள், சந்தையில் மீன் விற்றுவிட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று கதைக்கிறார்களாம். மெற்றில்டா தன் பங்கு மீனைக்கூடப் பிள்ளையின் கோப்பையில் வைக்கிறவள். அதை அவர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். இப்போது சந்தைக்கு வேறு ஒழுங்கையால் போகிறாளாம்.

எனக்கு மருத்துவம் தெரியாது. உனக்குத் தெரியும். நுணுக்குக்காட்டியில் பார்த்தது நீ. அந்தத் துண்டில் இருப்பது உன் கண் கண்டது. இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுது, எனக்கல்ல, எழுத வேண்டிய இடத்துக்கு.

மார்ச் ஐந்தாம் திகதி திருநீற்றுப் புதன். பிறகு பாஸ்கு வரை நான் எழுத முடியாது.

அக்கா


உடுவில்
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தவக்காலத்தில் வரும் கடிதத்தை உங்களிடம் தருவார்கள், பதில் எழுத விடமாட்டார்கள். அது தெரிந்துதான் இப்போது எழுதுகிறேன். ஆறு கிழமைக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. கோழைத்தனந்தான், ஒத்துக்கொள்கிறேன். சுகம் விசாரிக்கவும் மறந்துபோனேன். சுகமாயிருங்கள்.

அன்று கரண்ட் போகவில்லை.

முதல் ஆறு சிலைட்டைத் தனுஷா இழுத்து வைத்த நேரம், வாசலில் என்னைத் தேடி ஆள் வந்திருப்பதாகச் செக்கியூரிற்றி சொல்லி அனுப்பினான். மச்சாள். நான் வெளியே போனது தனுஷாவுக்குத் தெரியாது. நான் பக்கத்து அறையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து மிச்சம் ஒன்பதையும் இழுத்து வரிசையாக வைத்திருக்கிறாள். பிறகு டப்பாக்களில் மருந்தூற்றிக் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். நான் திரும்பி வர ஒன்றரை மணிநேரம். மச்சாள் கதைக்கத் தொடங்கினால் உங்களுக்குத் தெரியுந்தானே, சந்தைக் கதை, அண்ணையின் கதை, விடமாட்டா.

வந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. முட்டை இல்லை என்று அர்த்தமில்லை, அக்கா. பிந்திவிட்டேன் என்றுதான் அர்த்தம். இந்த வேலையில் முதல் கிழமையே எனக்குச் சொல்லித் தந்தது அது. திரும்பச் செய்ய மலம் இல்லை, கொட்டியாயிற்று. தனுஷாவிடம் சொன்னால் எங்கே போனீர்கள் என்று கேட்பாள். பேனையை எடுத்துப் பூச்சியம் போட்டேன். ஒன்று போட்ட பிறகு மற்றது சுலபம்.

அந்தப் பூச்சியங்களை வைத்துத்தான் மருந்து நல்லது என்று அறிக்கை போயிருக்கிறது. லவீனாவை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியதும் அதை வைத்துத்தான். அவள் இப்போது படி ஏறினால் இளைக்கிறாள். அவளுக்கு இரத்தம் குறைகிறது, நான் இங்கே சம்பளம் எடுக்கிறேன்.

றஜனி


கண்டி
22.04.2025

அன்பின் றஜனி,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். பாஸ்கு முடிந்து இரண்டாம் நாள். பேனை பிடிக்க அனுமதி கிடைத்ததும் முதல் கடிதம் உனக்கு.

ஆறு கிழமையும் உன் கடிதம் என் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கடிதமும் இருந்தது, ஒக்ரோபர் முதலே. மெற்றில்டா எழுதியது. அதிலிருந்து அப்படியே எழுதுகிறேன்:

"றஜனி என்னை உள்ளுக்குக் கூப்பிடேல்லை. பின் ஒழுங்கையாலை தூரத்துக் கடை ஒண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. நான் சந்தையாலை நேரை போனது பிழைதான், சீலையெல்லாம் மீன் நாத்தம். நான் போறன் போறன் எண்டு எழும்ப, இரும் இரும் எண்டு மறிச்சவ. றோட்டிலை அவவோடை வேலை செய்யிற பிள்ளையள் நிண்டவை. அதுகள் போகும் வரைக்கும் இருத்தி வைச்சிருந்தவ. செக்கியூரிற்றி ஆரெண்டு கேக்க, தெரிஞ்ச ஆளில்லை எண்டு சொன்னதும் எனக்குக் கேட்டது. இவரிட்டை நான் சொல்லேல்லை. நீங்களும் கேக்க வேண்டாம், பாவம், அவவுக்கு அங்கை என்ன கரைச்சலோ."

கதைத்துக் கதைத்து உன்னை விடாமல் வைத்திருந்தது மெற்றில்டா இல்லை, றஜனி. உன் பிழையை என்னிடம் சொல்லும்போதுகூட அதில் பாதியை அவளுடைய கடகத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு என் மீதே வந்தது. ஒக்ரோபரிலேயே நான் நேராகக் கேட்டிருக்கலாம். சாடையாகக் கேட்டுவிட்டுப் புனிதமாக மௌனம் காத்தேன். ஏனென்றால் எனக்கும் அந்த நோய் இருக்கிறது. மடத்தில் சேர வந்த அன்று, அப்பாவுக்கு என்ன தொழில் என்று நவகன்னியர் தலைவி கேட்டா. மீன்பிடி என்று சொல்லாமல் 'வியாபாரம்' என்றேன். அப்பா வாசலுக்கு வெளியே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பெட்டியோடு நின்றார். அவருக்குக் கேட்டதா என்று முப்பது வருடமாக யோசிக்கிறேன். இனிக் கேட்க ஆளில்லை.

உனக்கு மெற்றில்டா இருக்கிறாள். பிள்ளையும் இருக்கிறாள். என்னிடம் எழுதியது போதும். இதை வாசித்து முடித்ததும் எழும்பிப் போ.

அக்கா


உடுவில்
11.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் எழும்பவில்லை. ஐந்தாம் நாள் டொக்டர் உதயகலாவின் அறைக்குப் போனேன். உங்களுக்கு முழங்கால் எப்படி என்று கேட்க வேண்டும், கேட்கிறேன், ஆனால் மனம் அதில் இல்லை.

தாமதமாகப் பார்த்தேன் என்று சொன்னேன். அவ ஏசவில்லை. ஒரு படிவத்தை எடுத்துத் தந்தா. அதில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனை தானாகப் போய் 'மின்தடை' என்று எழுதியது, அக்கா. எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு தாள் கேட்டேன். இரண்டாவது தாளில், 'வாசலுக்கு வந்த என் அண்ணனின் மனைவியை உள்ளே அழைக்க வெட்கப்பட்டேன்' என்று எழுதினேன்.

டொக்டர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினா. "நீர் குருநகர் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும், றஜனி. விண்ணப்பத்திலை விலாசம் கிடக்கு. ஏன் மறைக்கிறீர் எண்டுதான் தெரியாமல் இருந்தது" என்றா.

தனுஷாவுக்கும் தெரியுமாம். எல்லோருக்கும் தெரியுமாம். ஏழு வருடமாக, ஊரைக் கேட்டால் மீன்பிடிக் கரையைச் சொல்லாமல் நான் ரவுண் என்று சொல்லும்போதெல்லாம் அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் மறையாத ஒன்றுக்காகத்தான் அன்று ஒன்றரை மணிநேரம் ஒளித்திருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை டொக்டரிடமும் சொன்னேன். மெற்றில்டா மச்சாளுக்குத் தெரியாது, ஆகவே அவ உங்களுக்கு எழுதியிருக்க முடியாது. பதினைந்து சிலைட்தான் கெட்டுப்போனது. பதினாறாவது கெடவில்லை. லவீனாவின் டப்பா என் கையில் இருந்தது, தேத்தண்ணிக் கடை வாங்கிலும் எனக்குப் பக்கத்தில் இருந்தது. திரும்பி வந்து அதை இழுத்து நேரத்தோடு பார்த்திருக்கலாம். பார்த்தால் முட்டை இருக்கும் என்று தெரியும். பதினைந்து பூச்சியத்துக்கு நடுவில் ஒன்றில் மட்டும் முட்டை இருந்தால் டொக்டர் கேள்வி கேட்பா. திறக்காமலே குப்பையில் போட்டேன். பூச்சியம் என்று எழுதினேன். மற்றப் பதினைந்தும் பிழை, அக்கா. இது பிழை இல்லை. இதற்கு என்ன பேர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

லவீனாவுக்கு அன்றே இரும்பு மருந்து தொடங்கச் செய்தார்கள். அறிக்கையைத் திருப்பி எடுக்கிறார்கள். முழுவதையும் முதலில் இருந்து செய்ய வேண்டும். ஐம்பத்தெட்டு டப்பா, குளிசை, மூன்று கிழமை, திரும்பவும் டப்பா. என் வேலை என்னவாகும் என்று விசாரணைக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை என்னோடு இன்னொருவரும் இருந்து பார்க்க வேண்டும். துப்புரவு என்று நாங்களே துண்டு கொடுத்த பிள்ளைகளிடம் ஏன் திரும்பக் கேட்கிறோம் என்று தாய்மாருக்குச் சொல்ல வேண்டும். டொக்டர் தானே சொல்வதாகச் சொன்னா. நான் சொல்கிறேன் என்றேன்.

றஜனி


உடுவில்
29.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் துணை. மே மாதக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எழுதாததுதான் சரி. நான் சுகம். நீங்கள் சுகமா?

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த முறை பத்தொன்பது பிள்ளைகளுக்குக் கொளுக்கிப் புழு. குளிசை கொடுத்து மூன்று கிழமைக்குப் பிறகும் பதினொரு பேருக்கு நிற்கிறது. முட்டைகள் பாதி அளவுதான் குறைந்திருக்கின்றன. மருந்து சரியாகக் கேட்கவில்லை, அக்கா. எல்லாவற்றையும் தனுஷா பக்கத்தில் மணிக்கூட்டோடு இருக்க இருபது நிமிடத்துக்குள் பார்த்தேன். அறிக்கை மேலே போய்விட்டது. அந்தப் பதினொரு பேருக்கும் வேறு மருந்து மூன்று நாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். லவீனாவும் அதில் ஒருத்தி. இரத்தம் பத்து தசம் இரண்டுக்கு வந்துவிட்டது. நேற்று மதிலில் ஏறினாளாம், அண்ணை ஏசினாராம்.

இனிக் கூட்டம் நடந்த ஞாயிறைச் சொல்கிறேன். மே இருபத்தைந்து. பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தாய்மாரை இருக்கச் சொல்லிச் சுவாமி அறிவித்தார். முழுக்கத் தெரிந்த முகங்கள். பலர் என்னை ஏழெட்டு வருடமாகக் கண்டிருக்க மாட்டார்கள். போன வருடம் சிலைட்டுகளைப் பிந்திப் பார்த்தேன், பார்த்தது செல்லாது, உங்கள் பிள்ளைகளுக்குப் புழு இருந்திருக்கலாம், அப்படியே விட்டுவிட்டோம் என்று சொன்னேன். பின்வரிசையில் ஒரு தாய் எழும்பி, ஏன் பிந்தினது என்று கேட்டா. நான் மேசையில் இருந்த டப்பாக்களை நேராக்கினேன்.

மூன்றாம் வரிசையில் இருந்து மச்சாள் எழும்பினா. "அண்டைக்கு நான்தான் போய் அவவை மறிச்சு வைச்சிட்டன். வேலை நேரமெண்டு எனக்குத் தெரியேல்லை. பிழை என்ரை" என்றா.

மண்டபம் முழுக்க அவ பக்கம் திரும்பிவிட்டது. உன்ரை கதையாலை எங்கடை பிள்ளையளோ என்று ஒருத்தி தொடங்கிவிட்டா. மச்சாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றா. லவீனா தாயின் சீலையைப் பிடித்து இருக்கச் சொல்லி இழுத்தாள். நான் பேசாமல் இருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒரு நிமிடம் பேசாமல்தான் இருந்தேன், அதையும் உங்களுக்கு எழுத வேண்டும்.

பிறகு சொன்னேன். "இவ மறிக்கேல்லை. என்னோடை வேலை செய்யிற ஆக்கள் இவவைக் காணக் கூடாது எண்டு நான்தான் கூட்டிக்கொண்டு போய் ஒளிச்சு வைச்சிருந்தன். இவ கொண்டுவந்த டப்பாவைப் பாக்காமல் எறிஞ்சதும் நான்தான்."

ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். மீன் கடகத்தோடு நான் ஒளித்தது மச்சாளை மட்டுமில்லை, அங்கே இருந்த எல்லோரையுந்தான். அது அவர்களுக்கு விளங்கிவிட்டது. மச்சாள் மட்டும் மெதுவாகக் கேட்டா, "நான் கொண்டுவந்ததையுமோ?" என்று. ஓம் என்றேன். இருந்துவிட்டா. சந்தையில் இருந்து பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாமல் மடிக்குள் வைத்துக் கொண்டுவந்தது அது.

டப்பாக்களை மேசையில் அடுக்கி வைத்திருந்தேன். ஒருவரும் என்னிடம் வரவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த ஊர் மருத்துவிச்சி, மிட்வைவ், எழும்பி வந்து மேசையின் அந்தப் பக்கம் நின்றபிறகு வரிசையாக வந்து அவவிடம் வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்காமல் போய்விடுவார்களோ என்று பயந்தேன். ஒருத்தரும் வாங்காமல் போகவில்லை.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூட வாசலில் பெட்டியோடு நின்றேன். டப்பாக்கள் வந்தன. எல்லாவற்றிலும் பிள்ளையின் பேர் வடிவாக எழுதியிருந்தது. கொண்டு வந்தவர்கள் என் கையில் தரவில்லை, பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்கள். ஐம்பத்தேழு வந்துவிட்டது. ஐம்பத்தெட்டாவதுக்கு நின்றேன். வராது என்று நினைத்துப் பெட்டியை மூடினேன்.

மச்சாள் சந்தைச் சீலையோடு ஒழுங்கையால் வந்தா. பையில் சுற்றவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தா. பெட்டியில் வைக்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தா. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இதைக் கொண்டுபோய்ப் பார், பிள்ளை. நிண்டு கதைச்சுக்கொண்டிராதை" என்றா.

ஓட்டோவைப் பிடித்தேன், அக்கா.

தங்கை,
றஜனி